மேற்குச் சுவருக்கு எந்தப் பச்சை

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் எனக்கு ஒரு மேட்சிங் கடை இருக்கிறது. ரவிக்கைத் துணி, உள்பாவாடை, ஃபால்ஸ், நூல்கண்டு, இவ்வளவுதான் சரக்கு. வருகிற பெண் புடவையை மேஜைமேல் விரிப்பாள். நான் பின்னால் திரும்பி, அடுக்கிவைத்த நூற்றுக்கணக்கான துண்டுகளில் ஒன்றை உருவி அதன் மேல் போடுவேன். பெரும்பாலும் முதல் துண்டே சேர்ந்துவிடும். அரக்கு என்று ஒரே பெயரில் எட்டு நிறம் உண்டு. மயில்கழுத்தில் ஐந்து. பக்கத்துக் கடைகளில், "வெளிய வெயில்ல கொண்டுபோய்ப் பாத்துக்கங்க" என்பார்கள். நான் யாரையும் அப்படி அனுப்பியதில்லை. டியூப் லைட்டுக்கு அடியில் நின்றே எனக்குத் தெரிந்துவிடும். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. அது இல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

அந்த வருடம் ஆனி மாதத்தில் எனக்குக் காசநோய் என்று தெரிந்தது. இரண்டு மாதமாக விடாத இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். உள்ளூரில் பரிசோதித்தால் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நாலு வாடிக்கையாளர்களைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று சேலத்துக்குப் போனேன். மனைவியும் வந்தாள். டாக்டர் கூப்பிட்டபோது அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். அவர் பொறுமையாகத்தான் பேசினார். குறைந்தது ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும், நடுவில் ஒருநாளும் விடக்கூடாது, சிறுநீர் சிவப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம் என்றார். அதற்கு மேலும் ஏதோ சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். மனம் முழுக்க வேறு யோசனை: ஊரில் என்ன சொல்வது? துணி விற்கிறவனுக்கு இந்த நோய் என்று தெரிந்தால், அவன் கைபட்ட ரவிக்கைத் துண்டை எவள் வாங்கித் தைத்துப் போடுவாள்?

டைபாய்டு என்று சொல்லிவிட்டோம். இளைத்துப்போனதற்கு அது பொருத்தமாக இருந்தது. உண்மை தெரிந்தது என் மனைவிக்கு மட்டும்தான்.

முதல் மூன்று வாரம் நான் மாடி அறையில் தனியாகப் படுத்தேன். பழைய ஸ்டாக் போட்டுவைத்த அறை அது. அங்கேதான் என் ரயில் பெட்டிகளும் இருந்தன. பொம்மை ரயில் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒரு சாண் நீள எஞ்சின், அதற்கேற்ற பெட்டிகள், தண்டவாளம், பாதை பிரிகிற பாயிண்டு, சிக்னல், எல்லாம் அளவு பிசகாமல் செய்தவை. பத்து வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்து, விரிக்க இடமும் நேரமும் இல்லாமல் கட்டியே வைத்திருந்தேன். படுத்துக் கிடந்த நாட்களில் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஆடி முடிவதற்குள், சுவரோரம் மூன்று பக்கமும் இடுப்புயரத்துக்குப் பலகை அடித்து, அதன் மேல் தண்டவாளம் போட்டுவிட்டேன். அப்போதும் எங்கள் ஊருக்கு ரயில் வந்திருக்கவில்லை. சின்னசேலத்திலிருந்து பாதை போடுகிற வேலை வருடக்கணக்காக நடந்துகொண்டிருந்தது. என் பாதை சின்னசேலத்தில் கிளம்பி, எங்கள் ஊரைத் தாண்டி, கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணை வரைக்கும் போயிற்று. அதற்குப் பின்னால் கல்வராயன் மலை. மலையைப் பலகையில் செய்ய இடமில்லை. மேற்குச் சுவரில் வரைந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். மற்ற மூன்று சுவரும் ஆகாயம்.

இருமல் நின்றுவிட்டது. உடம்பு தேறியது. டாக்டர் இனி யாருக்கும் தொற்றாது என்று சொல்லியிருந்தார். கடைக்குப் போய்க்கொண்டே, காலையிலும் மதியத்திலும் ரயில் ரூமில் இருப்பேன். மாத்திரைகளை அங்கேயே ஒரு எஞ்சின் டப்பாவில் ஒளித்துவைத்திருந்தேன்.

புரட்டாசியில் பெயிண்டர் வந்தார். கச்சிராயபாளையத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வெள்ளையடித்தவர். அளந்து பேசுகிற மனிதர். நான் மேஸ்திரி என்பேன், அவர் என்னை மொதலாளி என்பார். கம்பெனி கலர் அட்டையை விரித்து என் முன்னால் வைத்தார். ஆகாயத்துக்கு நான் எடுத்தது மிக வெளிறிய ஒரு நீலம். நண்பகலுக்கும் முந்திய, கொஞ்சம் தூசி கலந்த ஆகாயம். எண்ணைக் குறித்துக் கொடுத்தேன்.

அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதேதானா மொதலாளி?"

"இதேதான்."

இரண்டு நாளில் மூன்று சுவரும் முடிந்தன. தண்டவாளத்தில் தூசி விழக்கூடாது என்று ஜன்னல்களை நான் சாத்தச் சொல்லியிருந்தேன். பாவம், அந்தப் புழுக்கத்தில் வேலை செய்தார். எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. மனைவியைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன்.

"இன்னாங்க, ரயில் ரூமுக்குப் போயி ரோஸ் அடிச்சிருக்கீங்க?" என்றாள்.

அது ரோஸ் இல்லை, வெளிர்நீலம் என்றேன். அவள் சிரித்தாள். ரோஸ்கூட இல்லை, கத்தரிப்பூவைத் தண்ணீரில் கரைத்த மாதிரி இருக்கிறது என்றாள். நான் அட்டையை எடுத்துச் சுவரில் வைத்துப் பார்த்தேன். எண் சரி. நிறமும் பொருந்தியது. ஆக, மேஸ்திரி மேல் தப்பில்லை. பக்கத்து வீட்டுச் செங்கல் தரையில் பட்டு ஜன்னல் வழியாக வருகிற வெளிச்சம், அதனால் அப்படித் தெரிகிறது என்று அவளுக்கு விளக்கினேன். இருபத்திரண்டு வருடம் நிறம் விற்கிறவன் சொல்கிறேன். அவள் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

அதே வாரம் பாதையில் இருந்த சிக்னல்களில் சிவப்பு விளக்கு மங்கிவிட்டதாகத் தோன்றியது. பச்சை ஏதோ பரவாயில்லை, சிவப்பு எரிகிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. பல்பை மாற்றினேன். அதுவும் மங்கல். மட்டமான சரக்கு என்று வேறு இடத்தில் வரவழைத்தேன். கடையிலும் வெளிச்சம் போதவில்லை. எல்லாத் துணியும் நாலைந்து தடவை துவைத்த மாதிரி தெரிந்தது. டியூப் லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டேன். கண்ணாடிக் கடையில் பவரைச் சோதித்துக்கொண்டேன். அங்கே இருந்தவர், சர்க்கரை உண்டா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்சம் பவர் கூட்டி எழுதிக் கொடுத்தார். புதுக் கண்ணாடியிலும் அப்படியேதான் இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் இதெல்லாம் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள், ஒரு தாயும் மகளும் கல்யாணப் புடவைக்கு வாங்கிப் போன துண்டைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். புடவை அரக்கு. நான் கொடுத்திருந்தது காப்பிக்கொட்டை நிறம் என்றார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், கடையில் பதினோரு வருடமாக என்னோடு நிற்கும் பெண் குறுக்கே வந்து, பில் போடும்போது துண்டு மாறிவிட்டது என்று தன் தலையில் போட்டுக்கொண்டாள். அவர்கள் போனபிறகு அவளைக் கடிந்துகொண்டேன். தீபாவளி நெருங்குகிற நேரத்தில் இப்படிக் கவனக்குறைவாக இருந்தால் எப்படி என்று. அவள் தலைகுனிந்தபடி துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

மேற்குச் சுவருக்கு அட்டை உதவாது, மலையின் பச்சையை ஸ்டெய்னர் என்ற கெட்டிச் சாயம் ஊற்றிக் கையிலேயே கலக்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் ஒரு பக்கெட்டில் வெள்ளையை ஊற்றிப் பச்சையும் கொஞ்சம் மஞ்சளும் கறுப்பும் சேர்த்துக் கலக்கி, சுவரில் ஒரு கை அகலத்துக்கு இழுத்துக் காட்டினார். சாம்பலாக இருந்தது. பச்சையைக் கூட்டச் சொன்னேன். கூட்டினார். இன்னும் சாம்பல்தான். இன்னும் கூட்டச் சொன்னேன். மதியம் வரை இது நடந்தது. சுவரில் ஏழெட்டுப் பட்டைகள் வரிசையாக நின்றன. கடைசிப் பட்டையைப் பார்த்து, "இப்பதான் கொஞ்சம் பச்சை எட்டிப் பாக்குது" என்றேன்.

மேஸ்திரி பிரஷைக் கீழே வைத்துவிட்டார். "மொதலாளி, இது கிளிப்பச்சை. இதுக்கு மேல ஸ்டெய்னர் ஊத்துனா கண்ணு கூசும். மல இப்பிடியா இருக்கும்?"

பழைய ஸ்டெய்னரைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டு என்னிடமே நியாயம் பேசுகிறீர்களா என்று கேட்டேன். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவர். அவர் முகம் சுருங்கியது. டப்பாவை எடுத்து மூடியில் அச்சடித்த தேதியை என் பக்கம் திருப்பிக் காட்டினார், அவ்வளவுதான். பிறகு கைகளைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு என்னோட மலைக்கு வாங்க. நேர்ல பாத்துக்கினு வந்து கலக்கலாம். அதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது" என்றார்.

மறுநாள் என் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். கச்சிராயபாளையத்தில் அவரை ஏற்றிக்கொண்டேன். முதல்நாள் நல்ல மழை. கோமுகி அணையில் தண்ணீர் மட்டம் ஏறியிருந்தது. கரும்புக் காடு முழுக்க ஈரம். நான் எதையும் நின்று பார்க்கவில்லை, ஆனாலும் ஏதோ சரியில்லை என்று பட்டது. மழை பெய்த மறுநாள் கரும்புக் காட்டைப் பார்த்தால் கண் குளிர வேண்டும். பழைய செய்தித்தாளில் வந்த படத்தைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

கரியாலூருக்குச் சற்று முன்னால், ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னார் மேஸ்திரி. இறங்கிப் போய்ச் சாலையோரக் கல்லின் மேல் நின்றார். கீழே பள்ளத்தாக்கு, எதிரே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மடிப்பு மலை. அவர் கையை நீட்டிச் சொல்லிக்கொண்டே போனார். கிட்டத்தில் இருப்பது கறும்பச்சை, மரவள்ளி போட்ட சரிவு இளம்பச்சை, நடுவில் ஏதோ மரம் துளிர்விட்டிருக்கிறது, அது செம்புநிறம், அதற்கப்பால் நீலம் ஓடிய பச்சை. "இத்தினி பச்சையையும் எப்பிடி மொதலாளி ஒரு பக்கெட்டுல கலக்குறது?" என்று கேட்டார். அன்றைக்குத்தான் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டேன்.

நான் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். மூன்று மடிப்பும் தெரிந்தன. ஒன்று கறுத்த சாம்பல், ஒன்று வெளுத்த சாம்பல், ஒன்று அதைவிட வெளுப்பு. நேராகப் பார்க்கிற இடத்தில் புகை படிந்த மாதிரி ஒரு திட்டு இருந்தது. கண்ணைத் திருப்பினால் அதுவும் கூடவே நகர்ந்தது.

"பனி இறங்கியிருக்கு" என்றேன்.

மேஸ்திரி பள்ளத்தாக்கைப் பார்த்தார். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

திரும்பி இறங்கும்போது எங்களுக்கு முன்னால் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய மினி லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. நான் ஐம்பதடி விட்டே ஓட்டினேன். ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் திடீரென்று மேஸ்திரி என் தோளை அழுந்தப் பிடித்தார். "மொதலாளி, வண்டி நிக்கிது" என்றார். நான் பிரேக்கை மிதித்தேன். ஈரச் சாலையில் பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போயிற்று. லாரியின் பின்பலகைக்கும் என் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லாமல் நின்றோம். இடது பக்கம் தடுப்புக்கல், அதற்கப்பால் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. கீழிருந்து ஒரு பஸ் ஊர்ந்து ஏறி வளைவைக் கடந்து போயிற்று. அதற்காகத்தான் லாரி நின்றிருந்தது.

லாரி கிளம்பிப் போகும்வரை நாங்கள் இருவரும் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

"பிரேக் லைட்டு எரிஞ்சுதே, பாக்கலீங்களா?" என்றார்.

"எரியல மேஸ்திரி. எரிஞ்சிருந்தா தெரிஞ்சிருக்காதா?"

"எரிஞ்சுது மொதலாளி. ரெண்டு பக்கமும்."

இறங்கி முன்பக்கம் வந்து, "சாவியக் குடுங்க, நான் ஓட்டுறேன்" என்றார். நான் கொடுத்தேன். பின்னால் உட்கார்ந்து வரும்போது, எதிரே வருகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக்கொண்டே வந்தேன். அணைக்குக் கீழே ஒரு பெட்டிக்கடையில் தொங்கிய வாழைத்தாரையும், ஒரு பெண் கட்டியிருந்த புடவையையும் பார்த்தேன். என்ன நிறம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். சொல்ல முடிந்தது. ஆனால் பார்த்துச் சொன்னேனா, வாழைத்தார் என்றால் இந்த நிறம்தான் என்று தெரிந்து சொன்னேனா என்பது விளங்கவில்லை.

லாரி சமாசாரத்தை வீட்டில் சொல்லவில்லை. மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது மனைவியிடம் வேறொரு நல்ல சேதி சொன்னேன். எனக்கே தைரியம் சொல்லிக்கொள்ள அது தேவைப்பட்டது. நோய் அனேகமாகத் தீர்ந்துவிட்டது, மூன்று வாரமாகச் சிறுநீரில் சிவப்பே இல்லை, பழையபடி ஆகிவிட்டது என்றேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "இன்னா சொல்றீங்க?"

நான் திரும்பவும் சொன்னேன்.

"பாத்ரூம் கழுவுறது நானு. நேத்துகூடப் பாத்தேனே. மொத நாள்ல எப்பிடி இருந்துதோ அப்பிடியேதான் செவப்பா இருக்குது."

அவள் எழுந்து உள்ளே போய், தன் ரவிக்கைத் துணிகளில் ஏழெட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். மொட்டைமாடிக்கு வரச் சொன்னாள். நல்ல வெயில். ஒவ்வொன்றாக என் முன்னால் பிடித்து, இது என்ன, இது என்ன என்று கேட்டாள். எல்லாம் என் கடைத் துணி, என் கையால் கிழித்துக் கொடுத்தது. நான் சொல்லச் சொல்ல அவள் துணிகளை இரண்டு குவியலாகப் போட்டாள். சரியானது ஒரு பக்கம், தப்பானது ஒரு பக்கம் என்று எனக்குப் புரிந்தது. எது எந்தக் குவியல் என்று நான் கேட்கவில்லை. கடைசித் துண்டை என் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். நான் பாசிப்பச்சை என்றேன். அவள் அதைப் பெரிய குவியலின் மேல் வைத்தாள்.

"சேலத்து டாக்டர் கண்ணப் பத்தி எதுனா சொன்னாரா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. சொல்லியிருந்தார். தெளிவாகவே சொல்லியிருந்தார். இந்த மாத்திரைகளில் ஒன்று சிலருக்குக் கண் நரம்பைப் பிடிக்கும், பார்வை மங்கினாலோ நிறம் மாறித் தெரிந்தாலோ ஒருநாள்கூடத் தாமதிக்காமல் வர வேண்டும், குறிப்பாகச் சிவப்பையும் பச்சையையும் கவனித்துக்கொள்ளுங்கள் என்று. அந்த நேரத்தில், கடை வாசலில் டைபாய்டு என்று சொன்னால் நம்புவார்களா என்று யோசித்துக்கொண்டு நான் தலையாட்டினேன். அவரது குரல், மேஜைமேல் இருந்த பேனா ஸ்டாண்டு எல்லாம் அப்படியே திரும்பி வந்தன. இந்த நாலு மாதமாக எங்கே இருந்தன என்று தெரியவில்லை.

அடுத்த பஸ்ஸில் சேலம் போனோம். இந்தத் தடவை அவளும் உள்ளே வந்தாள். டாக்டர் அந்த ஒரு மாத்திரையை அங்கேயே நிறுத்திவிட்டு, மற்றவற்றை மாற்றி எழுதி, கண் மருத்துவரிடம் அனுப்பினார். கண் மருத்துவர் புள்ளி புள்ளியாக இருக்கும் வட்டங்களைக் காட்டி உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு எல்லா எண்ணும் தெரிந்தன என்பது அவள் மூச்சு விட்ட விதத்திலேயே எனக்குத் தெரிந்தது. எனக்கு முதல் படத்தில் மட்டும் எண் இருந்தது. மற்றவற்றில் வெறும் புள்ளிகள்.

எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பெரும்பாலும் திரும்பிவிடும், ஆனால் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது, மாத்திரையை நிறுத்தியபிறகும் சில வாரம் இன்னும் குறையலாம் என்றார்.

குறைந்தது. அந்த வாரங்களைப் பற்றி எழுதக் கை வரவில்லை. புகைத்திட்டு பெரிதாகி, பேப்பரில் ஒரு வார்த்தையைப் பார்த்தால் அதைத் தவிர மற்றதெல்லாம் தெரிந்தது. தினமும் காலையில் ரயில் ரூமுக்குப் போய், ஜன்னலைத் திறந்து, சுவரில் மேஸ்திரி இழுத்துவைத்த பட்டைகளுக்கு முன்னால் நிற்பேன். கடைசிப் பட்டைக்கும் நடுப் பட்டைக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று பார்ப்பேன். நேற்றைவிட இன்று கம்மியாகத் தெரிகிறது என்று தோன்றும். இல்லை, பயத்தினால் அப்படித் தோன்றுகிறது என்று மறுபக்கம் தோன்றும். கீழே இறங்கியதும் மனைவி முகத்தைப் பார்ப்பாள், கேட்கமாட்டாள்.

கடைப்பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன், நோயிலிருந்து ஆரம்பித்து. அவள் ஆச்சரியப்படவில்லை. "நோவு இன்னானு தெரியாதுண்ணா. ஆனா கண்ணுல ஏதோ கொற இருக்குதுனு தெரியும். நீங்க துண்டு எடுத்துப் போட்டதும் நான் பின்னாடி மாத்திக் கட்டிக் குடுத்துக்கினு இருந்தேன். ஒரு மாசமாவே" என்றாள். அந்த ஒரு துண்டு மட்டும் அவள் சாப்பிடப் போன நேரத்தில் போனது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று திருப்பிக் கேட்டாள். அந்தத் தீபாவளிக்கு மேட்சிங் மேஜையில் அவள் நின்றாள். நான் பணம் வாங்கிப் போட்டேன்.

மேஸ்திரியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஸ்டெய்னரைக் குறை சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்குக் கண் போன கதையைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் மாத்திரையைச் சொல்ல வேண்டும். மனைவியே ஒருநாள் ஆளனுப்பி அவரை வரவழைத்துவிட்டாள். ரயில் ரூமில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டெய்னர் விஷயத்தை அவர் கையாலேயே தள்ளிவிட்டார். டி.பி. என்ற சொல் வந்ததும் கை நின்றது. அவர் ஜன்னலைப் பார்த்தார். சாத்தியிருந்தது.

"நான் வேல செய்யும்போது இருந்துதா?"

அதற்கு முன்பே தொற்றுகிற நிலை தாண்டிவிட்டது, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். உண்மைதான். ஆனாலும் என் காதுக்கே அது சாக்காகக் கேட்டது.

"ஜன்னலச் சாத்திக்கினு மூணு நாளு இதுக்குள்ள இருந்தேன் மொதலாளி" என்றார். குரலை உயர்த்தவில்லை. "எங்க வூட்ல மருமவ மாசமா கீது. ஒட்டுமோ ஒட்டாதோ, அது வேற. சொல்லியிருந்தா, வர்றதா வேணாமானு நான்தான முடிவு பண்ணியிருப்பேன்?"

அவர் பிரஷ்களையும் ஸ்டெய்னர் டப்பாக்களையும் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். மேற்குச் சுவர் அந்தப் பட்டைகளோடு அப்படியே நின்றது.

ஐப்பசி போய், கார்த்திகையும் போயிற்று. அவர் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் சளி கொடுத்துப் பரிசோதித்துக்கொண்டார், ஒன்றுமில்லை என்று வந்தது என்பது வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதைக் கேட்டு நிம்மதியும் அவமானமும் சேர்ந்து வந்தன. மார்கழி நடுவில் ஒரு காலை, பட்டைகளுக்கு முன்னால் நின்றபோது, மூன்றாவதும் நான்காவதும் வேறு வேறாகத் தெரிந்தன. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து ஐந்தாவதும் பிரிந்தது. அப்போதுதான் மனைவியைக் கூப்பிட்டேன். அதோடு மற்ற மூன்று சுவர்களையும் முதல்முறையாக அவள் கண்ணால் பார்த்தேன். வெளிறிய கத்தரிப்பூ. ஒரு ரயில் பாதைக்கு இதைவிட விநோதமான ஆகாயத்தை யாரும் போட்டிருக்க முடியாது.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வேலையெல்லாம் முடிந்தபிறகு மேஸ்திரி தானாக வந்தார். மருமகளுக்கு ஆண்குழந்தை பிறந்திருப்பதாகச் சொன்னார். வேறு எதையும் பேசாமல் ஆகாயத்துக்கு என்ன கலர் என்று கேட்டார். நீங்களே பார்த்து அடியுங்கள் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"நான் அடிச்சிட்டுப் போயிடுவேன். தெனமும் பாக்கப்போறது நீங்க" என்றார்.

கலர் அட்டையை மேஜைமேல் விரித்து என்னையும் மனைவியையும் உட்காரவைத்தார். நான் ஒன்றைக் காட்ட வேண்டும், அவள் அதன் பெயரைச் சொல்ல வேண்டும். நான் நீலம் என்று காட்டுவதை அவளும் நீலம் என்றால் ஓரமாகப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். இரண்டு பேரும் ஒத்துப்போன நீலங்களில் ஒன்றை எடுத்து மூன்று சுவருக்கும் அடித்தார். மலைக்கும் அதே மாதிரி செய்தோம். கிளிப்பச்சைக்கு அவர் சம்மதிக்கவில்லை. சாம்பல் ஓடிய பச்சைக்கு நான் சம்மதிக்கவில்லை, எனக்கு அது வெறும் சாம்பல். நடுவில் ஒன்றில் நின்றோம். மலையில் அவர் காட்டிய செம்புநிறத் துளிரை நானே கேட்டு ஒரு மூலையில் வைக்கச் சொன்னேன்.

நோய் பங்குனியில் முழுக்கத் தீர்ந்தது. கண் அந்த அளவுக்குத் திரும்பவில்லை. புகைத்திட்டு போய்விட்டது, எழுத்து தெரிகிறது, பகலில் வண்டி ஓட்டுகிறேன். சிவப்பில் மட்டும் கொஞ்சம் சாயம் போயிருக்கிறது. இதற்கு மேல் மாறாது என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார். அரக்கு, காப்பிக்கொட்டை வந்தால் கடைப்பெண்ணைக் கூப்பிடுகிறேன். ஒரு வாடிக்கையாளர் காரணம் கேட்டபோது டைபாய்டு என்று சொல்ல வாயெடுத்து, பிறகு உள்ளதைச் சொன்னேன். அந்த அம்மாள் அரையடி பின்னால் நகர்ந்து நின்றாள். ஆனாலும் துணியை வாங்கிக்கொண்டுதான் போனாள். மறுபடியும் வந்தாளா என்று எனக்கு நினைவில்லை.

ரயில் ஓடுகிறது. யாராவது பார்க்க வந்தால், மலை நன்றாக வந்திருக்கிறது என்கிறார்கள். சில சாயங்காலங்களில் தனியாக நின்று எஞ்சினை அணைப் பக்கம் ஓட்டும்போது, மேற்குச் சுவர் கொஞ்சம் சாம்பல் தட்டின மாதிரி தெரிகிறது. வெளிச்சம் இறங்குகிற நேரம் என்பதால் எல்லோருக்கும் அப்படித்தான் தெரியுமா, எனக்கு மட்டுமா என்று தெரியவில்லை. மனைவி கீழேதான் இருப்பாள், கூப்பிட்டுக் கேட்கலாம். விளக்கைப் போட்டுவிட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறேன்.